கூக்காலுக்குப் பதினான்கு கிலோமீட்டர்

டிசம்பர் 29, ஞாயிறு

அழகர்மலை அடிவாரத்தில் பயிற்சி. முப்பத்தெட்டு கிலோமீட்டர், அதில் பாதி கப்பி ரோடு. மலை ஏரிகளைச் சைக்கிளில் சுற்றும் ஏரிச்சுற்றுக்கு இன்னும் பதினெட்டே நாள்.

திரும்பும் வழியில் டீக்கடையில் ஆரோக்கியம் ஒரு கோப்பை நீட்டினார். எங்கள் சைக்கிள் கழகத்தின் செயலாளர் அவர். கொடைக்கானலுக்கு மேலே காட்டுப்பாதையில் நாலு நாள் என்பதால், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் உடல்தகுதிச் சான்றிதழ் தரவேண்டும் என்று இந்த வருடம் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். "டாக்டரம்மா நீங்க இருக்கும்போது நாங்க எங்கிட்டுப் போய் அலையிறது?" என்றார். பதினோரு பேருக்குக் கையெழுத்துப் போட்டேன். வடை ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. "தோல் டாக்டர் குடுத்தா செல்லுமா?" என்று ஒருவர் கேலி செய்தார். எம்.பி.பி.எஸ். எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். சிரித்தார்கள்.

அதில் ஒன்று மங்கைக்கு. ஏதோ பரிசோதனை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஐம்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருகிற பயம்.

மங்கையர்க்கரசி திருமங்கலத்தில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆறு வருடமாக நாங்கள் ஜோடி. ஏரிச்சுற்றில் இருவர் இருவராகத்தான் போகவேண்டும். ஒருவர் விலகினால் மற்றவரும் கழகத்தின் வேனில் ஏறிவிட வேண்டும். போன தடவை இரண்டாம் நாளே என் முழங்கால் வீங்கி நான் ஏறினேன். எனக்காக அவளும் ஏறினாள். இதுவரை ஒரு பெண்கள் ஜோடிகூட முழுச் சுற்றையும் முடித்ததில்லை. இந்தத் தடவை முடிப்போம்.

ஜனவரி 5, ஞாயிறு

சிறுமலை ஏற்றம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. மங்கை மூன்று இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். இதற்கு முன் அவள் இறங்கி நான் பார்த்ததில்லை. "கீழ்த்தாடை இழுக்குதுடி தமயந்தி. ஏத்தத்துல மட்டும்தான். நின்னா விட்டுருது" என்றாள். ஏறும்போது பல்லைக் கடிக்கிறாய், அதுதான் என்றேன். கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

பின்சக்கரத்தின் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. மாற்றவேண்டும்.

ஜனவரி 8, புதன்

மங்கை பல் மருத்துவரிடம் போய்வந்தாளாம். பல்லெல்லாம் சுத்தமாக இருக்கிறது, வலி வேறு எங்கிருந்தோ வருகிறது, ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டாராம். படம் எடுத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்களோ.

ஜனவரி 12, ஞாயிறு

மங்கை பயிற்சிக்கு வரவில்லை. சோர்வாக இருக்கிறதாம். பொங்கலுக்கு வீட்டை ஒதுங்கவைத்த அலுப்பு. இரும்புச்சத்து மாத்திரையின் பெயரை எழுதி அனுப்பினேன். நான் தனியாக நாற்பது கிலோமீட்டர்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் பிடிபடவில்லை. கனடாவிலிருந்து மகன் கூப்பிட்டான், மூன்று நிமிடம். சாயங்காலம் டயர் இரண்டையும் கழற்றி, பஞ்சரை அடைக்கும் திரவத்தைப் புதிதாக ஊற்றினேன். கையெல்லாம் பிசுபிசுப்பு. சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 16, வியாழன். பூம்பாறை

காலை ஏழரைக்குக் கொடைக்கானலில் தொடங்கினோம். இருபத்திரண்டு பேர், பதினோரு ஜோடி. மற்ற பத்து ஜோடியும் ஆண்கள். மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு ஆரோக்கியத்தின் வேன் முன்னால் போய்விடும். நடுவில் பெரும்பாலும் போன் எடுக்காது.

பைன் காட்டுக்குள் பதினோரு கிலோமீட்டர் சரளைப் பாதை. மழைக்காலத்தில் அரித்துப்போன வாய்க்கால்கள் பாதையின் நடுவிலேயே ஓடுகின்றன. சக்கரத்தை அதற்குள் விட்டால் வெளியே எடுக்க முடியாது. காற்றைக் கொஞ்சம் குறைத்தபிறகு டயர் கல்லைப் பிடித்துக்கொண்டு போனது. மரங்களுக்கு நடுவில் பேரிஜம் ஏரி தெரிந்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

மங்கை மெதுவாக வந்தாள், ஆனால் நிற்காமல் வந்தாள். ஏற்றத்தில் மிதிகளை எண்ணிக்கொண்டே வருவாள். "நூறு வரைக்கும் எண்ணுவேன். அப்புறம் மறுபடி ஒண்ணு. எத்தன நூறுன்னு மட்டும் எண்ணக்கூடாது, அதான் சூட்சுமம்" என்றாள். இன்று ஐம்பதிலேயே நின்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறாள் என்று எனக்குக் கேட்டது.

புல்லில் உறைபனி வெள்ளையாக இருக்கும்போதே அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. ஸ்வெட்டரைக் கழற்றினாள். "ஊருக்கெல்லாம் தை மாசம். எனக்கு மட்டும் சித்திரை" என்றாள். மாதவிடாய் நிற்கிற வயதில் இப்படித்தான் இருக்கும், எனக்கு இரண்டு வருடம் இருந்தது என்று சொன்னேன். "எல்லாத்துக்கும் ஒரே பதில் வச்சிருக்கடி நீ" என்றாள், சிரித்துக்கொண்டுதான்.

பூம்பாறையில் தங்கல். ஜன்னலைத் திறந்தால் மலைப்பூண்டு வாசனை.

ஜனவரி 17, வெள்ளி. மன்னவனூர்

முப்பத்தொரு கிலோமீட்டர். கடைசியாக வந்த ஜோடி நாங்கள்தான், ஆனால் நேரக்கெடுவுக்கு இருபது நிமிடம் மிச்சம்.

காலுறைகளைத் துவைத்து, சமையல்கட்டில் விறகடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டேன். இரண்டு சைக்கிள்களின் சங்கிலியையும் நானே துடைத்து எண்ணெய் விட்டேன். மங்கை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. பள்ளிக்கூடத்துத் திருப்புதல் தேர்வுத் தாள்கள் நாற்பதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பத்துத் தாள் திருத்தியதும் பேனாவை மூடிவிட்டாள்.

முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கனமாக இருக்கிறதாம். தைலம் தேய்த்துவிட்டேன். ஹேண்டில் பாரில் குனிந்து குனிந்து வந்ததில் பிடித்துக்கொண்டிருக்கும்.

"நாளைக்கு ஒருநா நான் வேன்ல வந்துறவாடி?" என்று கேட்டாள்.

"நீ ஏறினா நானும் ஏறணும்."

திருத்தாத தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "சரி. தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்" என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. விதி என்னவோ அதைச் சொன்னேன்.

ஜனவரி 18, சனி. காலை 6.40

மங்கை குளியலறையில் இருக்கிறாள். இரண்டு முறை வாந்தி. நேற்றைய புரோட்டா எனக்கே நெஞ்சைக் கரித்தது. வயிற்று மாத்திரையும் வலி மாத்திரையும் கொடுத்தேன். முகம் வெளுத்திருக்கிறது, வெளியே நாலு டிகிரி, யாருக்குத்தான் வெளுக்காது. கை சில்லென்று இருக்கிறது.

வேனை எடுக்கும் முன் ஆரோக்கியம் வாசலில் நின்று கேட்டார்: "ரெண்டு பேரும் ஓகேயா?" ஓகே என்றேன். வேன் போய்விட்டது.

கூக்காலுக்குப் பதினான்கு கிலோமீட்டர்தான். அதிலும் கடைசி ஐந்து இறக்கம்.

ஜனவரி 18

மங்கை இறந்துவிட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு. கொடைக்கானல்

பிரேதப் பரிசோதனை பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. இதயத்தின் இடது ரத்தக்குழாயில் அடைப்பு. பழைய அடைப்பு, அதன்மேல் புதிதாக உறைந்த ரத்தம்.

காவல்துறையில் எழுதிக்கொண்டார்கள். காலையில் எப்படி இருந்தார் என்று கேட்டார்கள். லேசான அஜீரணம் என்றேன். முன்கூட்டியே அறிகுறி ஏதாவது இருந்ததா என்றார்கள். நெஞ்சு வலி என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்றேன். அது உண்மை. சான்றிதழ் கொடுத்தது யார் என்று கேட்டபோது ஆரோக்கியம் முந்திக்கொண்டு, "இவங்களே டாக்டர்தான் சார், கூடவே வந்தாங்க" என்றார். அதோடு விட்டுவிட்டார்கள்.

மங்கையின் கணவர் குலசேகரன் காலையிலேயே வந்துவிட்டார். ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் இருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்க கூட இருந்தீங்க டாக்டரம்மா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

கிளினிக் திறந்தேன். பதினேழு நோயாளிகள். படர்தாமரை, முடி உதிர்வு, ஒரு குழந்தைக்கு வேர்க்குரு.

ஜனவரி 23, வியாழன்

கூக்காலில் நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தினமும் வேறு வேறு மாதிரி ஞாபகம் வருகிறது.

மன்னவனூரைவிட்டு ஏழேகாலுக்குக் கிளம்பினோம். நாங்கள்தான் கடைசி. முதல் நாலு கிலோமீட்டர் கேரட் தோட்டங்களுக்கு ஊடாக மண்பாதை. பிறகு ஏற்றம். மங்கை எண்ணவில்லை. ஐம்பது அடிக்கு ஒருதரம் காலை ஊன்றி நின்றாள். இரண்டு மணி நேரத்தில் எட்டு கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. நேரக்கெடு பத்தரை. நான் முன்னால் போவேன், நிற்பேன், அவள் வருவாள், மறுபடி நான் போவேன். மேட்டின் உச்சியில் சேர்ந்து நின்றபோது, "இனி இறக்கம்தான் மங்கை, மிதிக்கவே வேணாம்" என்றேன். தலையாட்டினாள். உதடு ஒருமாதிரி நீலம் பாரித்திருந்தது.

இறக்கம் சோலைக்காட்டுக்குள் போகிறது. கல்லும் வேருமாக இருக்கும். நான் வேகமாக இறங்கினேன். அது எனக்குப் பிடித்த பாதை. அடியில் காடு சட்டென்று விலகிக் கூக்கால் ஏரி முழுசாகத் தெரிந்தது. தண்ணீர்மேல் புகை மாதிரிப் பனி நகர்ந்துகொண்டிருந்தது. இறங்கி நின்று படம் எடுத்தேன். ஆறு படம். முதல் படத்தில் நேரம் 9.52. கடைசிப் படத்தில் 10.01.

அதற்குப் பிறகுதான் அவள் வரவில்லை என்று உறைத்தது. சைக்கிளைத் திருப்பி மேலே மிதித்தேன். முக்கால் கிலோமீட்டர் தள்ளி, பாதையோரத்து மண் திட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விழவில்லை. சைக்கிளை ஓரமாகப் படுக்கவைத்து, யாரும் தடுக்கி விழுந்துவிடாதபடி ஹேண்டிலைத் திருப்பி வைத்திருந்தாள். ஹெல்மெட் மடியில் இருந்தது.

"முடியலடி" என்றாள்.

"நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சு இல்ல. முதுகுதான். தாடையும்." பிறகு, "யாரோ முதுகுல உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றாள்.

அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் வருட மாணவிக்குத் தெரிந்திருக்கும். என் பையில் ஆஸ்பிரின் இருந்தது. அதை மெல்லக் கொடுத்தேன். மென்றாள். கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். போனில் சிக்னல் இல்லை. "நீ போய் ஆரோக்கியத்தக் கூட்டியா" என்றாள். போவதா இருப்பதா என்று நான் நிற்கும்போதே தலை ஒருபக்கம் சாய்ந்தது.

கல்லின்மேல் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. முப்பது, இரண்டு. கூப்பிட்டுக்கொண்டே அழுத்தினேன். காட்டில் யாரும் இல்லை. கேரட் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று வருவதற்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் தோளைத் தொட்டு, "அக்கா, போதும்க்கா" என்றார். நான் நிறுத்தவில்லை. "அக்கா, அவங்களுக்கு உசுரு இல்லக்கா" என்றார். மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அவளைத் தூக்கி ஏற்றினோம். ஜீப்பிலும் அழுத்திக்கொண்டே வந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஈ.சி.ஜி. கம்பிகளை ஒட்டினார். நேர்க்கோடு. காகிதத்தைக் கிழித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் ஈ.சி.ஜி. எடுத்துருக்காங்களா மேடம்?" என்று கேட்டார்.

"தெரியலை" என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

விடிந்ததும் பழக்கதோஷத்தில் சைக்கிள் உடையைப் போட்டுக்கொண்டு கதவுவரை போனேன். கழற்றிவிட்டுத் தோசை வார்த்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மங்கையின் கருமாதி. போகாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

குலசேகரன் பதினைந்து நாளில் பாதியாகிவிட்டார். சட்டை தோளில் தொங்குகிறது. வந்தவர்கள் சாப்பிடும்போது என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. மறைக்காமச் சொல்லுங்க. தாடை வலிக்கிறது ஹார்ட் அட்டாக்குக்கு அறிகுறியா?"

"சில பேருக்கு இருக்கும்" என்றேன். "பெண்களுக்கு அப்படி வரதுண்டு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "எங்கிட்டச் சொன்னா. பொங்கலுக்கு முந்தி. வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். தாடை இழுக்குதுங்க, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவமான்னா. நான் பேப்பர்லருந்து தலையத் தூக்கல. நீதான் வாரம் பூரா ஒரு டாக்டரோட சுத்துறியே, அவங்களக் கேளுன்னு சொல்லிட்டேன்." உள்ளேயிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். "நான்தாங்க கொன்னுட்டேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என்னைக் கேட்டாளா என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

சமையலறையில் மகள் கயல் பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது, பெங்களூரில் வேலை. மங்கையின் அதே நெற்றி. அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டேன்.

"தெரியாது ஆன்ட்டி. நான் அவர்கூடப் பேசுறதில்ல." கரண்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணுச்சு. 'ஒங்கப்பாகிட்ட ஒடம்புக்கு முடியலன்னு சொன்னா, பேப்பரப் பாத்துக்கிட்டே பதில் சொல்றாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எங்கம்மா இருந்திருக்கும். பத்தாம் தேதி நான் கெளம்புறேன். இனிமே இந்த வீட்டுக்கு எதுக்கு வரணும்?"

அவள் இலை போட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். வடையும் பாயசமும் இருந்தன. இரண்டையும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆரோக்கியம் போன் செய்தார். கழகத்தில் கமிட்டி கூடியதாம். "நீங்க செக் பண்ணித்தான குடுத்தீங்க. பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்கு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க டாக்டரம்மா, நீங்க கவலப்படாதீங்க" என்றார்.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். டிசம்பர் 29-இல் "ஏதோ பரிசோதனை" என்று எழுதியிருக்கிறேன். ஏதோ இல்லை. அவள் கேட்டது ஈ.சி.ஜி. அவள் சொன்ன வார்த்தை இது: "தமயந்தி, எனக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்துட்டு அப்புறமா நீ கையெழுத்துப் போடுடி. எங்க அப்பாவுக்கு அம்பத்திமூணுலதான் வந்துச்சு." நான் அப்போதே கையெழுத்துப் போட்டு முடித்திருந்தேன். "உங்க அப்பா பீடி குடிச்சார். நீ மலை ஏறுறவ" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவளுடைய ரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நிற்பது எனக்குத் தெரியும். அப்பா செத்த வயது தெரியும். ஏறும்போது வந்து நின்றால் விடுகிற வலி என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்தது, முப்பது வருடமானாலும் மறக்காது. பல் மருத்துவர் சரியாகச் சொன்னார். அவரை நான் கேலி செய்து எழுதியிருக்கிறேன்.

எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்லலாம். அது பொய். தெரிந்துகொண்டால் ஏரிச்சுற்று போய்விடும் என்பதால் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன். அவள் வராவிட்டால் எனக்கு ஜோடி இல்லை. வாரத்தில் ஆறு நாள் தோலைப் பார்க்கிறேன். வீட்டில் பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உயிரோடு இருப்பது போல இருக்கும். அதற்காக.

இன்னொன்றையும் எழுதவேண்டும். 18-ஆம் தேதி காலையில் ஆரோக்கியம் வாசலில் நின்றபோது மங்கை குளியலறையிலிருந்து வந்துவிட்டாள். செருப்பைத் தேடிக்கொண்டே, "தமயந்தி, நான் வேன்ல போறேண்டி. என்னால முடியல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், வாசல்வரை கேட்காது. அதற்குப் பிறகுதான் நான் வெளியே போய் ஓகே என்று சொன்னேன். திரும்பி வந்தபோது வேன் போகிற சத்தம் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். குனிய முடியாமல் இருந்ததால் ஒரு காலுக்கு நான் கட்டிவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று ஒருத்தர் வேலைக்குச் சேர உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டு வந்தார். கையெழுத்துப் போட முடியவில்லை. வேறு டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். நாளைக்கும் மறுநாளும் கிளினிக் இல்லை என்று பலகை மாட்டச் சொன்னேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று மருத்துவக் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பரிசோதிக்காமல் பதினோரு சான்றிதழ் கொடுத்தது, அதில் ஒருவர் இறந்தது, எல்லாவற்றையும் தேதியோடு. அதன் நகலைக் காவல் நிலையத்துக்குத் தபாலிலும் ஆரோக்கியத்துக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். ஆரோக்கியம் இன்று காலை போனில் கத்தினார். "எதுக்குங்க? யாராச்சும் கேட்டாங்களா ஒங்கள?" கழகத்தையே மூடவேண்டி வரும் என்றார். வரலாம். மற்ற பத்துப் பேரும் உடனே இதயப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும், அதை மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.

பதினோரு மணிக்குக் குலசேகரன் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் போனேன். கூடத்தில் கயலின் பெட்டி பாதி அடுக்கித் திறந்தபடி இருந்தது. அவர் நாற்காலியில் இருந்தார். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். கயல் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போகப் பார்த்தாள்.

"நீயும் உக்காரும்மா" என்றேன். "ரெண்டு பேரும் கேக்கணும்."

வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று வார்த்தை கூட்டிக்கொண்டு வந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. நேராகச் சொன்னேன். "மங்கை உங்ககிட்டக் கேட்டதுக்கு முன்னாடியே எங்கிட்டக் கேட்டுட்டா. ஈ.சி.ஜி. எடுக்கணும்னு அவ வாயாலேயே கேட்டா. வேணாம்னு நான் சொன்னேன். எடுக்காமலே கையெழுத்துப் போட்டேன்."

குலசேகரனுக்குப் புரியவில்லை. "நீங்க பாத்துத்தான…" என்றார்.

"பாக்கல. தொட்டுக்கூடப் பாக்கல."

தாடை வலியைப் பற்றிச் சொன்னேன். சிறுமலையைப் பற்றி, வியர்வையைப் பற்றி, மன்னவனூரில் அவள் வேனில் வருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னதைப் பற்றி. நான் வாசலுக்குப் போய் ஆரோக்கியத்திடம் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். ஏரிக்கரையில் ஒன்பது நிமிடம் படம் எடுத்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். எதற்காக என்று கயல் கேட்டாள். "எனக்கு அந்தச் சுற்றை முடிக்கணும்னு இருந்துச்சு" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று என் காதுக்கே கேட்டது.

"உங்க அப்பா என்னைக் கேளுன்னு சொன்னார் கயல். அது தப்பே இல்ல. ஒரு டாக்டர் கூட இருக்கும்போது யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்வாங்க. உங்கம்மாவும் கேட்டா. கேட்டவளுக்குத் தப்பான பதில் சொன்னது நான்."

குலசேகரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அடித்தாலும் சரி என்றுதான் போயிருந்தேன். அவர் கேட்டது இது ஒன்றுதான்: "அந்த ஒம்பது நிமிசமும் அவ அங்க ஒத்தையிலயா உக்காந்திருந்தா?"

"ஆமா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்கத் தொடங்கியது. சத்தம் வரவில்லை.

கயல் எழுந்து என் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டாள். நான் இன்னும் குடிக்கவில்லை.

"நீங்க போங்க ஆன்ட்டி" என்றாள். "இனிமே இங்க வராதீங்க."

எழுந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் இருந்தது. அதை அந்தப் பெண்ணிடம் கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லவேண்டியிருக்கும். கேட்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே தம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு கயலின் குரல், உடைந்து, மிகவும் மெதுவாக.

"அப்பா. இங்க பாருங்கப்பா."

அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. தெருவில் இறங்கி நடந்தேன்.